சோல்வே பட்டாணி

— காப்பி வேண்டாம் சோல்வே. நான் காப்பி குடிக்க வரல. முதல்ல இந்த விதைப் பாக்கெட்டைப் பாரு.

— கண்ணாடி எங்கயோ வச்சுட்டேன். நீயே படி, குன்வோர்.

— படிக்கறேன், காது குடுத்துக் கேளு. 'சோல்வே பட்டாணி. ஆளுயரத்துக்கு மேல் படரும். ஊதாப் பூ, பழுப்பு மணி. அழிந்துபோனதாக நினைத்த பழைய ரகம். பியோர்கோ கிராமத்தில் சோல்வே என்ற பெண்மணி தன் தோட்டத்தில் காப்பாற்றி வைத்திருந்தது.' பெண்மணியாம். ஸ்வீடன் முழுக்கக் கடை கடையா உன் பேர் தொங்குது, கேட்டியா? கடைக்காரப் பொண்ணு என்கிட்டயே விக்கப் பாக்கறா. 'உங்க ஊருதானேம்மா, இவங்களைத் தெரியுமா?'ன்னு வேற கேக்கறா.

— நீ என்ன சொன்னே?

— ஏரிக்கு எதிர்க்கரைன்னேன். வேற என்னத்தைச் சொல்ல.

— இருக்கட்டும். பிஸ்கட்டாவது எடுத்துக்கோ.

— ஏழு வகை வச்சிருக்கே. யாரு வராங்க, பத்திரிகைக்காரங்களா?

— நேத்து வந்தாங்க. இது மிச்சம்.

— அதானே பார்த்தேன். எனக்காக ஏழு வகை சுடுவியா நீ.

— நீ என் வீட்டுக்கு வந்தே பதினோரு வருஷம் ஆச்சு. வரேன்னு சொல்லியிருந்தா சுட்டிருப்பேன்.

— பேச்சை மாத்தாதே. விதை வங்கிக்காரங்க ரேடியோவுல, பழைய விதை வச்சிருக்கறவங்க அனுப்புங்கன்னு கேட்டாங்க இல்ல? நானும்தான் அனுப்பினேன். என் கையால பொறுக்கி, சொத்தை பார்த்து, கவர்ல போட்டு அனுப்பினேன். மூணு வருஷம் கழிச்சு ஒரு கடுதாசி வருது. 'நீங்க அனுப்பினதையும் உங்க ஊர்லேருந்து இன்னொருத்தர் அனுப்பினதையும் பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில வளர்த்துப் பார்த்தோம். ரெண்டும் ஒண்ணுதான். முதல்ல அனுப்பினவங்க பேரை வச்சிருக்கோம்.' நீ எனக்கு எத்தனை நாள் முன்ன அனுப்பினே?

— அவங்க சொன்னாங்க. நாலு நாள்.

— நாலு நாள். அந்த நாலு நாளும் எவெர்ட் காரைப் பிரிச்சுப் போட்டு உக்காந்திருந்தார். இல்லேன்னா இந்தப் பாக்கெட்ல குன்வோர்னு இருந்திருக்கும்.

— இப்பவும் அவனுக்கு அந்தக் கார்தானா?

— 'அவனுக்கு'. நல்லா இருக்கு. நான் கட்டினவரை நானே 'அவர்'னு சொல்றேன், உனக்கு அவன்.

— பள்ளிக்கூடத்துல ஒரே பெஞ்சு. வாய் பழகிடுச்சு.

— சரி, பேர் கிடக்கட்டும், அதுக்கு அப்புறம் வரேன். எங்க வீட்டுப் பட்டாணி உன் வீட்டுக்கு எப்படி வந்துச்சு? அதைச் சொல்லு முதல்ல. எங்க வடக்குப் பண்ணையில அதை வெளியாளுக்குக் குடுக்கறதில்ல. பெத்த பொண்ணுக்கே கிடையாது. வர்ற மருமகளுக்கு மட்டும்தான். கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம், மாமியார் கையால. உனக்குத் தெரியாதா?

— தெரியும்.

— அப்போ வேலி ஓரமாப் பறிச்சுக்கிட்டியா?

— நம்ம ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஏரி இருக்கு.

— படகுன்னும் ஒண்ணு இருக்கு.

— தெக்லாம்மா குடுத்தாங்க.

— எங்க மாமியாரா? எப்போ?

— கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம்.

— என்ன சொல்றே நீ?

— நானும் எவெர்ட்டும் அன்னிக்கு மோதிரம் மாத்திக்கிட்டோம். நீ இந்த ஊருக்கு வரதுக்கு மூணு வருஷம் முன்ன. கல்யாணம் கோடையிலன்னு பேச்சு. தெக்லாம்மா அலமாரியைத் திறந்து நாப்பது மணி எண்ணி என் கையில வச்சாங்க. 'எண்ணிக் குடுத்திருக்கேன், எண்ணி வை'ன்னாங்க.

— உன்கூட ரெண்டு தடவை டான்ஸ் ஆடினேன்னுதான் என்கிட்ட சொன்னார். ரெண்டே ரெண்டு தடவை. நாப்பத்தஞ்சு வருஷமா அந்த ரெண்டு டான்ஸை நெனச்சு நெனச்சு எனக்கு வயிறு எரியுது.

— ரெண்டுக்கு மேல இருக்கும்.

— சொல்லாதே. ஊர்ல ஒரு ஆளாவது வாயைத் திறந்தாங்களா பாரு. சர்ச்சுல நீ முன் வரிசையில உக்காந்தா எல்லாரும் என் மூஞ்சியைப் பார்ப்பாங்க. ஏன்னு இப்பதான் புரியுது. துறைமுகத்துலேருந்து வந்த மீன்காரன் பொண்ணு, அவளுக்கு எதுக்கு இதெல்லாம்னு விட்டுட்டாங்க போல. இன்னிக்கும் நான் வெளியூர்க்காரிதான்.

— உன்னைக் கஷ்டப்படுத்த வேணாம்னு இருந்திருப்பாங்க.

— அது ஏன் முறிஞ்சுது?

— மீன் பீப்பாய் ஏத்திட்டு வரேன்னு துறைமுகத்துக்குப் போனான். உன்னைப் பார்த்துட்டு வந்தான். வந்த அன்னிக்கே என்கிட்ட நேரா சொல்லிட்டான், அதைச் சொல்லணும். மோதிரத்தைத் திருப்பிக் குடுத்தேன்.

— பட்டாணியை?

— அதை அவன் கேக்கல. அப்போ தெக்லாம்மாவும் கேக்கல.

— நீ வேற கல்யாணமே பண்ணிக்கல. அவரையே நெனச்சுக்கிட்டு இருந்தியா? உண்மையைச் சொல்லு.

— பதினாலு ஆடு இருந்துச்சு குன்வோர். விடிஞ்சா பால் கறக்கணும். நெனைக்க நேரம் ஏது.

— அந்த ஆடும் அரிய ரகம்தான். சுவத்துல பட்டயம் மாட்டி வச்சிருக்கே. இந்த ஜில்லாவுல அழிஞ்சுபோகப் பார்த்த எல்லாத்தையும் நீ ஒருத்திதான் காப்பாத்தினே, நாங்க எல்லாம் கொட்டாவி விட்டுட்டு உக்காந்திருந்தோம்.

— உனக்கு ஒரு குட்டி வேணும்னா தரேன்.

— எனக்கு உன் ஆடு வேண்டாம். உனக்குக் கிறிஸ்துமஸுக்கே குடுத்தாங்க இல்ல? எனக்கு என் முதல் கிறிஸ்துமஸுக்கு என்ன குடுத்தாங்க தெரியுமா? ஒரு ஏப்ரன். மடிச்சு, நாடா கட்டி. நாத்தனாருங்க மூணு பேரும் என் கையையே பார்த்துக்கிட்டு நின்னாங்க. பட்டாணி வரும்னு அவங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அன்னிக்குப் படுக்கப் போறப்ப எவெர்ட் அக்காதான் சொன்னா, இந்த வீட்டு வழக்கம் இது, உனக்கு ஏன் குடுக்கலைன்னு தெரியலன்னு.

— அது எனக்குத் தெரியாது.

— மே மாசம் பிர்ச் மரத்துல இலை எலிக்காது அளவு விட்டுச்சு. விதைக்கப் போற அன்னிக்குக் காலையில ஒரு பிடி கொண்டுவந்து என் கையில வச்சாங்க. ஒரு வார்த்தை இல்ல. ஆறு மாசம் என்னை எடை போட்டுப் பார்த்துட்டு, போனாப் போகுதுன்னு குடுத்திருக்காங்க. வேற யாரோ ஒருத்தியை அவங்க மனசுல வச்சிருந்தாங்கன்னு எனக்கு அப்பவே தெரியும். பேருதான் தெரியல. அது இப்போ பாக்கெட்லயே அச்சடிச்சு வந்துடுச்சு.

— தெக்லாம்மாவுக்கு உன்னைப் பிடிக்கும்.

— சமாதானம் சொல்லாதே. சாகற வரைக்கும் நான்தான் சோறு ஊட்டினேன், நான்தான் தலை வாரி விட்டேன். ஒரு நாள் கூட என்னைக் கன்னத்துல தட்டினது கிடையாது. இந்தா, கடுதாசி எழுதிக் கொண்டுவந்திருக்கேன். கையெழுத்துப் போடு, நான் போறேன்.

— படி.

— 'விதை வங்கிக்கு. இந்தப் பட்டாணி வடக்குப் பண்ணையுடையது. நூற்றிருபது வருடமாக ஒரு வருடம்கூட விட்டுப்போகாமல் அந்த வீட்டில் மாமியார் கையிலிருந்து மருமகள் கைக்கு வந்தது. இப்போது வைத்திருப்பவர் குன்வோர். ஆகவே பெயரை வடக்குப் பண்ணைப் பட்டாணி என்று மாற்ற வேண்டும். இது உண்மை என்று சாட்சி சொல்கிறேன், சோல்வே.'

— நல்லாத்தான் எழுதியிருக்கே. பேரை மாத்திக்கோ, எனக்கு ஒண்ணும் இல்ல. அவங்க கேட்டப்பவே நான் தெக்லாம்மா பேரைத்தான் சொன்னேன். அனுப்பினவங்க பேர்தான் வைப்போம்னுட்டாங்க.

— அப்போ போடு கையெழுத்தை.

— 'விட்டுப்போகாமல்'னு இருக்கு பாரு, அந்த வார்த்தையை மட்டும் அடிச்சுடு. போடறேன்.

— அந்த வார்த்தைக்காகத்தானே கடுதாசியே. நான் அந்த வீட்டுல வேற என்னத்தைச் சாதிச்சேன்? பிள்ளை பெத்த வருஷம் தொட்டிலைப் பாத்திக்குப் பக்கத்துல வச்சுக்கிட்டு விதைச்சேன். இடுப்பு முறிஞ்ச வருஷம் முக்காலியில உக்காந்து விதைச்சேன். பனி சீக்கிரம் விழுந்த வருஷம் போர்வையை எல்லாம் உருவிக் கொண்டுபோய்ப் பந்தல் மேல போட்டுட்டு நாங்க குளிர்ல கிடந்தோம். ஒரு வருஷம் விட்டதில்ல.

— தெரியும். ஜூலையில உன் பந்தல் பூக்கறது இங்கேருந்து தெரியும். நீ விட்டேன்னு நான் சொல்லல.

— அப்போ யாரு விட்டா?

— வேண்டாம் குன்வோர். வார்த்தையை அடிச்சுட்டுப் பேரை வாங்கிக்கோ. உனக்கு வேணும்னது பேருதானே.

— யாரு விட்டான்னு கேட்டேன்.

— உன் தோட்டத்துல இருக்கறது என் பட்டாணி.

— என்னது?

— நீ வந்த முதல் டிசம்பர்ல தெக்லாம்மா உறைஞ்சுபோன ஏரி மேல நடந்து இங்க வந்தாங்க. நீ உக்காந்திருக்கற நாற்காலியிலதான் உக்காந்தாங்க. பண்ணையில ஒரு மணி கூட இல்ல சோல்வே, கிறிஸ்துமஸுக்கு மருமகளுக்குக் குடுத்தாகணும், உன்கிட்ட இருக்கறதுல பாதி குடுன்னாங்க.

— நீ குடுத்தியாக்கும்.

— உடனே குடுக்கல. பொறாமை. உனக்கு மட்டும்தான் வரும்னு நெனச்சியா? எவெர்ட் அவளுக்கு, வீடு அவளுக்கு, எனக்குன்னு இருக்கறது இந்த ஒரு பை, இதையும் வந்து கேக்கறாங்களேன்னு இருந்துச்சு. முடியாதுன்னுட்டேன். ஏப்ரல்லதான் மனசு கேக்காம நானே கொண்டுபோய்க் குடுத்தேன். கிறிஸ்துமஸுக்கு உனக்கு ஏப்ரன் வந்ததுக்குக் காரணம் நான். ஒவ்வொரு ஜூலையும் இந்த ஜன்னல்ல நின்னு, என் பூ அவ வாசல்ல பூக்குதேன்னு பார்த்திருக்கேன்.

— நம்பறதுக்கு வேற ஆளைப் பாரு. இருந்த விதை இல்லாமப் போக என்ன வந்துச்சு?

— எலின்னு வச்சுக்கோ.

— வச்சுக்க மாட்டேன். எங்க அலமாரிக்கு உள்பக்கம் தகரம் அடிச்சிருக்கு, எலி போகாது. எவெர்ட் தூக்கி யாருக்காவது குடுத்தாரா? உனக்கு அப்புறம், எனக்கு முன்ன, இன்னொருத்தியும் உண்டா? சொல்லு சோல்வே. சொல்லாம நான் எந்திரிக்க மாட்டேன்.

— அவன் யாருக்கும் குடுக்கல. தெக்லாம்மா என்கிட்ட வாக்கு வாங்கியிருக்காங்க.

— அவங்க போய்ச் சேர்ந்து இருபது வருஷம் ஆச்சு. உயிரோட இருக்கற நான் கேக்கறேன்.

— அந்த டிசம்பர்ல, ஒரு வியாழக்கிழமை, நீயே தனியா பட்டாணி சூப்பு வச்சியா?

— வியாழக்கிழமைன்னா எல்லா வீட்டுலயும்தான் வைப்பாங்க. அந்த வீட்டுல நான் முதல்ல வச்ச சூப்பு அதுதான். மாமியார் பிரசவம் பார்க்கப் பக்கத்து ஊர் போயிருந்தாங்க. வரதுக்குள்ள செஞ்சு வச்சு அசத்திடணும்னு நானே ஊறப் போட்டேன். எங்க ஊர்ல மஞ்சளா வரும். இது மண்ணு நிறமா வந்துச்சு. இந்தப் பக்கத்துப் பட்டாணி இப்படித்தான் போலன்னு.

— எங்கேருந்து எடுத்தே?

— அலமாரி மேல் தட்டுல ஒரு துணிப்பை இருந்துச்சு. மொத்தத்தையும் கொட்டி ஊறப் போட்டேன்.

— ம்.

— ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலையே சோல்வே. எவெர்ட் தலை நிமிராம சாப்பிட்டார். மாமியார் ஒரு தட்டு முடிச்சுட்டு, நல்லா இருக்குன்னு இன்னொரு தட்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்களே.

— ஆமா. மீதியைக் கீழ கொட்டினா அவளுக்கு விஷயம் தெரிஞ்சுடும், சின்னப் பொண்ணு, இந்த வீட்டுல ஆயுசுக்கும் தலை நிமிர மாட்டா, அதான் சாப்பிட்டேன்னு சொல்லிட்டு, அந்த நாற்காலியில உக்காந்துதான் அழுதாங்க.