கொர்னேலியஸ் ஐயாவின் முகத்தில் துளை போடுங்கள்

கொட்டும் மழையிலும் மேடையை நிறைத்து அமர்ந்திருக்கும் விழாத் தலைவர், மளிகைக்கடை சுப்பண்ணன் அவர்களே, கொழுந்து பறித்த கையோடு பந்தலுக்கு வந்துவிட்ட தாய்மார்களே, கடல் கடந்து வந்து இந்த மலையில் வேர்பிடித்த பெரியோர்களே, சாப்பாட்டுப் பந்தியையே பார்த்துக்கொண்டிருக்கும் பின்வரிசைத் தம்பிமார்களே, எல்லோருக்கும் மேலாக, மாலைகள் காத்திருக்கும் அந்தக் காலி நாற்காலியே, வணக்கம்.

ஆம், நாற்காலிக்குத்தான் வணக்கம் சொன்னேன். எண்பது வயதைத் தொட்ட பொறியாளர் கொர்னேலியஸ் ஐயாவுக்கு இன்று பாராட்டு விழா. ஐயா எங்கே? மேலே, தடுப்புச் சுவரருகே, மழையில், கடப்பாரையோடு நிற்கிறார். ஏன் நிற்கிறார்? அவரைக் கௌரவிக்க நாம் செய்த காரியத்தால் நிற்கிறார்.

அந்தச் சுவரை அறியாதவர் இங்கே யார்? கீழ்வரிசை வீடுகளின் மேல் மலை சரியாமல் தாங்கி நிற்பது அது. கட்டியவர் அவர். பின்னால் மண்ணில் ஊறும் மழைநீர் வெளியே வடிவதற்காக, சுவர் முழுக்கத் துளைகள் விட்டுக் கட்டினார். விழாக் குழு என்ன செய்தது? அழுக்குத் தண்ணீர் வடிகிறது, பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று அத்தனை துளைகளையும் சிமென்டால் அடைத்தது. வழவழவென்று பூசியது. பூசிய இடத்தில் அவருடைய முகத்தையே பிரம்மாண்டமாக வரைந்தது. வண்ணம் காய்ந்ததும் மழை பிடித்தது. தண்ணீருக்குப் போக வழியில்லை. இன்று காலையில் ஐயாவின் கன்னம் வீங்கியிருக்கிறது. ஓவியத்தில் அல்ல, சுவரில்.

சிரிக்கிறீர்கள். வீரம்மா அக்கா சிரிக்கவில்லை, பாருங்கள். அந்தக் கன்னத்துக்கு நேர் கீழே அவர் வீடு. அந்த வரிசையையே ஐயா காலி செய்யச் சொல்லிவிட்டதால், துணி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு விழா பார்க்கிறார்.

தலைவர் மெல்லச் சொல்கிறார்: "ஏனுங்க அம்மிணி, நல்ல நாளும் அதுவுமா இதெல்லாம் எதுக்குங்க? அவரு வாழ்க்கையைச் சொல்லுங்க."

சொல்கிறேனுங்க. நான் சத்தமில்லாத பெண், நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன் என்றுதானே அழைத்தீர்கள்?

இரண்டு ஆறுகளுக்கு நடுவே கிடக்கும் நம் காலனியை, நெல்லியாளம் பஸ்ஸில் கண்டக்டர் இன்றும் 'தீவு' என்றுதான் கூவுகிறார். ஒரு காலத்தில் ஆனியும் ஆடியும் வந்தால் அரிசி வராது, டாக்டர் வரமாட்டார். இறந்தவரைப் புதைக்கக்கூட ஆறு இறங்கட்டும் என்று காத்திருந்த ஊர் இது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த லய வீட்டுப் பிள்ளைகளில் பொறியியல் படித்தவர் அவர் ஒருவர்தான். கோயம்புத்தூரில் வேலை இருந்தது, குவார்ட்டர்ஸ் இருந்தது, ஜீப் இருந்தது. ஆனாலும் கிடைத்த விடுமுறையெல்லாம் இங்கே வந்து ஆற்றங்கரையில் நின்றார். அலுவலகம் அலுவலகமாக அலைந்தார். தொங்கு பாலம் வந்தது. ஓய்வு பெற்று ஊருக்கே வந்தார். குடிநீர்த் தொட்டி வந்தது, வடிகால் வந்தது, சுவர் வந்தது.

இத்தனை ஆண்டுகள் அவர் எதை எதிர்த்துப் போராடினார்? மழையையா? மழை அவர் சொன்ன வழியில் போனது. மண்ணையா? மண் அவர் சொன்ன இடத்தில் நின்றது. சொன்னபடி கேட்காதவர்கள் நாம்தான். அவர் வெட்டிய வடிகாலில் நாம் எதை விட்டோம்? போன ஆண்டு அதிலிருந்து அவர் இழுத்துப் போட்டது ஒரு தலையணை. உறையோடு இருந்தது.

பாலத்தை மட்டும் விட்டோமா? முன்பு ஒருமுறை அவர் பிறந்தநாளுக்கு வாழ்த்துப் பேனர் எழுதி, இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாகப் பாலத்துக் கம்பியிலேயே கட்டினோம். காற்று பேனரில் மோதிப் பாலமே ஆடியது. ஐயா அரிவாளோடு வந்து அறுத்துப் போட்டார். நம் வேலன் கேட்டார்: "என்னா சார், ஒங்க படம் போட்ட பேனரு. ஆசையாக் கட்டுனோம்."

"ஆசையைக் கம்பியில கட்டாதடா. ஆளு நடக்கத்தான் பாலம் போட்டேன், பாய் விரிச்சுக் கப்பல் ஓட்ட இல்ல."

அன்றும் சிரித்தோம். தனக்கென்று எதுவும் கேட்காதவர் என்று எனக்கு முன்னால் பேசியவர்கள் புகழ்ந்தார்கள். பொய். கேட்டிருக்கிறார். ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டிருக்கிறார். "சொவத்துத் தொளையில கை வைக்காதீங்க" என்று கேட்டார், தொண்டை வறளக் கேட்டார். நாம் என்ன கொடுத்தோம்? கைதட்டல் கொடுத்தோம். கேட்டதைத் தவிர எல்லாவற்றையும் கொடுத்தோம். ஒரு மனிதரை மதிப்பது இதுதானா? அவர் முகத்தை வைத்தே அவர் வேலையை அடைப்பதா?

"பொன்னாடை வாங்கியாச்சே அம்மிணி?" என்கிறார் தலைவர். எடுத்து வாருங்கள், தலைவரே. அவர் நனைந்துகொண்டிருக்கிறார், தலை துவட்ட ஆகும்.

முதல் வரிசையில் ஓவியர் சுடலைமணி அண்ணன் தலை குனிந்திருக்கிறார். அந்த முகத்துக்காக ஊண் உறக்கம் மறந்தவர் அவர். உங்கள் கையில் குறையில்லை, அண்ணே. அச்சு அசலாக வரைந்தீர்கள். ஆனாலும் அந்த முகத்தில் இப்போது துளை போட்டாக வேண்டும். ஏன் எழுந்துவிட்டீர்கள்? கோபமா? எங்கே போகிறீர்கள்?

அவர் சொல்வது பின்வரிசைக்குக் கேட்டதா? நான் சொல்கிறேன்: "தொளைய அடைச்சவன் நாந்தானே. எது எது எங்கெங்க இருக்குன்னு ஐயாவுக்கு இப்பத் தெரியாது. பூச்சு மூடிருச்சு. நாந்தான் காட்டணும்."

இதற்கு மேல் ஒரு பேச்சு எதற்கு? கடப்பாரை உள்ளவர்கள் கடப்பாரை எடுங்கள், இல்லாதவர்கள் விளக்கு எடுங்கள். சுவருக்கு நேரே நிற்காதீர்கள், பக்கவாட்டில் நில்லுங்கள். ஐயா சொல்லும் இடத்தில் மட்டும் குத்துங்கள். கண்ணில் என்றால் கண்ணில், கன்னத்தில் என்றால் கன்னத்தில். முகம் போனால் போகட்டும், வீரம்மா அக்கா தன் வீட்டில் தூங்க வேண்டும்.

இவ்வளவு நேரம் பொறுத்துக் கேட்ட அனைவருக்கும் என் நன்றி. வணக்கம். மைக் செட்டுத் தம்பி, அணைத்துவிட்டு நீங்களும் வாருங்கள்.