தாங்கிப் பிடித்த மகிழ மரம்

புயல் ஓய்ந்த பிறகு கூடியிருக்கும் இந்தப் பொன்னான அவைக்குத் தலைமை தாங்கும் தலைமையாசிரியை அம்மையார் அவர்களே! முன்வரிசை முழுவதையும் முந்திப் பிடித்துக்கொண்டு, பின்வரிசைக்கு என் முகம் தெரியாமல் மறைத்திருக்கும் மூத்த பெருமக்களே! இடிந்த சுவரையும் ஈரத் துணியையும் அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! உள்ளே வராமல் வாசலோரம் கைகட்டி நிற்கும் என் மச்சான் அவர்களே! உங்கள் அனைவரையும், இந்தத் தெருவில் குடியிருக்கும் பேருந்து ஓட்டுநராகிய நான் இருகரம் கூப்பி வணங்குகிறேன்.

என்ன ஐயா? சுருக்கமாய் முடிக்க வேண்டுமா? நான் ஓட்டுநர். நிறுத்தம் வந்தால் நிற்பேன். நடுவழியில் கைகாட்டினால் நிற்கமாட்டேன்!

அவையோரே! இன்று நம்முன் ஒரு தீர்மானம் இருக்கிறது. "விழுந்த மரங்களை அகற்றுவோம், நிற்கும் மரங்களையும் வெட்டுவோம், இனி இந்தத் தெருவில் மரமே வேண்டாம்" என்பது தீர்மானம். கொண்டுவந்தவர் யார்? போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவர், என் பக்கத்து வீட்டுக்காரர், என் மனைவியின் உடன்பிறந்த அண்ணன். எதிர்த்துப் பேச வந்தவன் யார்? அவருடைய தங்கை வீட்டுக்காரன். குடும்பச் சண்டை பார்க்கலாம் என்று வந்தவர்கள் என்னை மன்னித்துவிடுங்கள், ஏமாந்துதான் போகப் போகிறீர்கள்.

எங்கள் இரண்டு வீடுகளும் ஒரே சமயத்தில் எழும்பின. என் மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலம் அது. மச்சான் மரக்கன்று வாங்க நர்சரிக்குப் போனார். "இருக்கறதுலயே உயரமானது எது? சீக்கிரமா பூக்கறது எது?" என்று கேட்டார். வளர்ந்து நின்ற ஒரு மயில்கொன்றையை, குல்மோகர் என்பார்களே அதை, தூக்கிக்கொண்டு வந்தார். அண்ணாந்து உயரத்தைப் பார்த்தாரே, குனிந்து வேரைப் பார்த்தாரா? பைக்குள் வெகுநாள் கிடந்து வட்டம் வட்டமாய்ச் சுருண்டிருந்த வேரை அப்படியே குழிக்குள் இறக்கினார். அவர் மட்டுமா? அவரைப் பார்த்துத் தெருவே இறக்கியது! மாடியைத் தொட்டது மரம். மத்தாப்பாய்ப் பூத்தது மரம். கல்யாண ஜோடிகளை அதன் அடியில் நிறுத்திப் படம் பிடித்தார் மச்சான். பார்க்க அழகுதான், யார் இல்லை என்றார்கள்?

என் மனைவி மட்டும் அசையவில்லை. "நர்சரியில எல்லாக் கன்னும் பச்சையாத்தான் இருக்கும். யாரும் தண்ணி ஊத்தாத இடத்துல எது பச்சையா இருக்குன்னு பாக்கணும்" என்றாள். தினமும் பேருந்துக்காக அவள் காத்துநிற்கும் நிறுத்தத்தில் ஒரு மகிழ மரம் உண்டு. கோடையிலும் இலை உதிர்ந்து மொட்டையாகாத மரம். புகையிலும் புழுதியிலும் பொலிவு குன்றாத மரம். எத்தனையோ காற்றுக்கு ஈடுகொடுத்த மரம். அதைப் பார்த்துத்தான் முடிவெடுத்தாள். அதே நிறுத்தத்தில்தான் ஒரு காலத்தில் என்னையும் பார்த்து முடிவெடுத்தாள். வெயிலிலும் வாடாத ஆள் என்று நினைத்திருப்பாள் போலும்! சிரிக்காதீர்கள் தாய்மார்களே, அவளும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள்.

குட்டையான ஒரு மகிழங்கன்றை வாங்கினாள். பையைக் கிழித்து, வேரை விரலால் நீவிப் பிரித்தாள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, வெயில் எங்கே விழுகிறது என்று வெறும் மனையில் நின்று பார்த்தாள். வளர்ந்தால் கிளை எவ்வளவு தூரம் விரியும் என்று கணக்குப் போட்டு, சுவரைவிட்டுத் தள்ளி, இரு வீட்டுக்கும் நடுவே நட்டாள்.

ஆண்டுதோறும் மச்சான் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சீண்டுவார்: "என்ன தங்கச்சி, உன் மரம் இன்னும் எந்திரிக்கவே இல்லையா?"

"அது கீழ வேலை பாத்துட்டு இருக்குண்ணே" என்பாள் இவள்.

பதறாத காரியம் சிதறாது, அவையோரே!

புயல் வந்தது. பட்டப்பகல் இருட்டியது. பேருந்துகளை நிறுத்திவிட்டார்கள், நான் பணிமனையில் அடைபட்டுக் கிடந்தேன். வீட்டில் என் மகள், பிறந்து சில வாரங்களே ஆன பிள்ளையோடு, மச்சான் வீட்டைப் பார்த்த அறையில் இருந்தாள். சன்னலுக்கு நேர் எதிரே மயில்கொன்றை. போன் போட்டேன், போகவில்லை. மறுபடி போட்டேன், போகவில்லை. பெற்றவர்களுக்குத் தெரியும் அந்த வேதனை!

வேரோடு சாய்ந்தது மயில்கொன்றை. எங்கே சாய்ந்தது? என் மகள் இருந்த சன்னலை நோக்கிச் சாய்ந்தது! எது தடுத்தது? சுவரா? கூரையா? இல்லை ஐயா, இல்லை! உட்கார்ந்தே இருக்கிறது என்று கேலி பேசப்பட்ட அந்த மகிழ மரம், தன் கிளையொன்றை முறியக் கொடுத்து, அந்தப் பாரத்தைத் தாங்கிப் பிடித்தது. சன்னல் கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. பிள்ளை அழுததா? கொட்டாவி விட்டதாம்!

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. மலைவளைவில் பிரேக் பிடிக்காதபோதும் கலங்காத நான், அன்று வீடு வந்ததும் அந்த மரத்தைக் கட்டிக்கொண்டேன். வாய்விட்டு அழுதேன். சொல்ல எனக்கு வெட்கமே இல்லை.

ஆனால், அன்றிலிருந்து ஒருவர் மட்டும் என் வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை. வேலியோரம் நின்று, "புள்ள நல்லா இருக்கா?" என்று கேட்டுவிட்டுத் திரும்புகிறார். "உள்ள வாங்கண்ணே" என்றால், "இருக்கட்டும் தங்கச்சி, கடையத் தொறக்கணும்" என்கிறார். கூரையே பறந்துபோன கடையில் திறப்பதற்கு என்ன இருக்கிறது?

அவையோரே! இந்தத் தீர்மானம் கோபத்தில் பிறந்ததா? இல்லை; ஒரு நல்ல மனிதரின் பயத்தில் பிறந்தது. ஆனால் எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தலாமா? காத்த மரத்தையும் சேர்த்து வெட்டலாமா? மயில்கொன்றை மேல் எனக்குப் பகை இல்லை. பரந்த திடலில் அது பூத்துக் குலுங்கட்டும்! வீட்டோரம் வைப்பதற்கு, உயரத்தைப் பார்க்காதீர்கள், உரத்தைப் பாருங்கள்! பூவைப் பார்க்குமுன் வேரைப் பாருங்கள்! ஒரு பருவத்து அழகைப் பார்க்காதீர்கள், எல்லாப் பருவத்துப் பச்சையைப் பாருங்கள்! உங்கள் தெருவில் கவனிப்பார் இல்லாமலே நிமிர்ந்து நிற்கிறதே ஒரு மரம், அதனிடம் கேளுங்கள். எதை நடலாம் என்று அது சொல்லும்!

மச்சான், இனி உங்களுக்கு மட்டும். எங்க யாருக்கும் உங்க மேல கோபம் இல்ல. காத்தடிச்சுது, மரம் விழுந்துது, புள்ள பொழச்சுது. அவ்வளவுதான். அதோ, உங்க மருமக எந்திரிச்சு நிக்கறா பாருங்க. இன்னும் எத்தனை நாள் வேலிக்கு அந்தப் பக்கமே நிப்பீங்க?

வழி விடுங்கள் ஐயா, வழி விடுங்கள்! நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்துங்கள், அவர் வருகிறார்.

என்ன மச்சான் சொல்றீங்க, கேக்கல... அம்மையார் அவர்களே, தீர்மானத்தைத் திரும்பப் பெறுகிறாராம்! தங்கச்சிகிட்ட என்னமோ கேக்கறாரே? மகிழங்கன்னு வேணுமாம்! குட்டையாப் பாத்து வாங்கிக் குடு, அவரை நம்பாதே!

பிள்ளையைக் கையில் வாங்கிவிட்டார். அடடா, புயலுக்கு அழாத பிள்ளை, போட்டோக்காரத் தாத்தாவைப் பார்த்ததும் அழுகிறதே! அழட்டும், நன்றாக அழட்டும். எத்தனை நாள் காக்க வைத்துவிட்டார்!

பொறுமையாய்ப் பயணம் செய்த உங்கள் அனைவருக்கும் நன்றி. என் நிறுத்தம் வந்துவிட்டது, நானும் இறங்கிக்கொள்கிறேன். வணக்கம்.

மச்சான், கழுத்து, கழுத்து... கீழ கை குடுத்துத் தாங்கிப் பிடிங்க. ஆங், அப்படித்தான்.