பாய்லர் மாட்ட வேற ஆளு

ஹலோ... ஹலோ... கிள்ளான் சபாபதி இரும்புக்கடைதானே?... நான் பிரிக்பீல்ட்ஸ் பிரசவ வீட்டுலேருந்து இராஜம்மா பேசுறேன்... ஆமா சம்பந்தி, நானேதான்... இல்ல, கோமதியைக் கூப்புட வேணாம். மாடிப்படி இறங்கி ஏறணும், பாவம். எப்படி இருக்கா என் மக? கால் வீக்கம் வத்துச்சா?... ம்... சாப்பாட்டுல உப்பைக் குறைக்கச் சொல்லுங்க... சரி, சரி. எனக்கு உங்ககிட்டதான் பேசணும்.

பாய்லர் போச்சு சம்பந்தி... ஆமா, அதேதான். நீங்க குடுத்தது... முழுசாப் போச்சு. நேத்து அடித்தகடு விட்டு, இருந்த தண்ணியெல்லாம் அடுப்புக்குள்ள கொட்டிருச்சு. சாம்பலும் கரியும் நடை வரைக்கும் ஓடிக் கெடக்கு... இல்ல, யாருக்கும் ஒண்ணும் ஆகல... பாத்தாச்சு, ஒட்டுக்கு மேல ஒட்டு போட்டுப் பாத்தாச்சு. இனிமே ஒட்டுப் போட அதுல இரும்பு மிச்சமில்ல. இங்க கட்டில் எல்லாம் நெறைஞ்சு கெடக்கு, எல்லாம் பச்ச உடம்புக்காரிங்க. மண்ணெண்ணெய் டின்னுல வெந்நி வச்சு மாடிக்குத் தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போச்சு எனக்கு.

ஒரு நிமிஷம் இருங்க... தனலெட்சுமி, நீ தூக்காத. அந்தக் கையை வச்சுக்கிட்டு டின்னைத் தூக்காதன்னு எத்தன வாட்டி சொல்றது. வெறும் கையோட மேல போ, நான் கொண்டாறேன்... ஆங், நம்ம ஆயா தனலெட்சுமிதான், சொல்லுங்க சம்பந்தி.

ஆமா, புதுசுதான் வேணும். கோமதிக்கு நாள் நெருங்குதுல்ல, தலைப்பிரசவம், அவ வர்றதுக்குள்ள மாட்டியாகணும்... செம்புல வந்திருக்கா?... வேணாம் சம்பந்தி, செம்பைத் தேய்க்க எனக்கு ஆளில்ல. இரும்பே போதும்... அந்தச் சின்னதா? கப்பல்ல வந்ததா?... சரி, அதையே எடுத்துக்கிறேன்... பின்ன? உங்க கடையை விட்டு நான் வேற எங்க போவேன்... ஆமா... ஆமா. லோரியில ஏத்தி அனுப்பிருங்க.

இல்ல. மாட்டுறதுக்கு வேலாயுதத்தை அனுப்ப வேணாம்.

சம்பந்தி... சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க... தெரியும். உங்க அக்கா மகன்னு தெரியும், நீங்க எடுத்து வளத்த புள்ளைன்னும் தெரியும்... வேலை தெரியாதவன்னு நான் சொன்னேனா?... சொல்லலியே.

வேற ஆள் பாத்துட்டேன். சாலாக் செலாத்தான்ல பாய்லர் மாட்டுற துக்காங் ஒருத்தன், ஆ சோய்னு... ஆமா, சீனன்தான்... இருந்துட்டுப் போகட்டுமே, பைப்பு மாட்டத்தானே வர்றான், சம்பந்தம் பேசவா வர்றான்.

யெஸ்?... யெஸ் மிஸ்ஸி, எக்ஸ்சேஞ்ச், யெஸ். டோன்ட் கட், ப்ளீஸ். இன்னும் பேசணும்... தேங்க் யூ.

ஹலோ, இருக்கீங்களா?... எக்ஸ்சேஞ்சுக்காரி, வேற ஒண்ணுமில்ல... என்னது?... திரும்பச் சொல்லுங்க... வேற ஆள் மாட்டுனா மருமகளைப் பிரசவத்துக்கு அனுப்ப மாட்டீங்களா.

கொஞ்சம் இருங்க. உக்காந்துக்கிறேன்.

ம். சொல்லுங்க... மானம் போயிரும்... கடைத்தெருவுல தலை காட்ட முடியாது... ம்... கேக்குது, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்... கிள்ளான்லயும் மருத்துவச்சி இருக்காங்க, இல்லேங்கல. ஊரார் புள்ளையெல்லாம் இந்தக் கையாலதான் எடுக்குறேன், எம் பொண்ணு வலி எடுத்துக் கத்துறப்ப மட்டும் நான் இங்க உக்காந்திருக்கணுமா? நீங்களே சொல்லுங்கண்ணே. அவளுக்குப் பயமா இருக்கு. உங்க வீட்டுல யார்கிட்டயும் சொல்லியிருக்க மாட்டா, எங்கிட்டதான் சொன்னா.

... அப்படியா. அவ்வளவு பிடிவாதமா?

சரி. அப்ப நான் சொல்லாம வச்சிருந்ததைச் சொல்லிர்றேன். தனலெட்சுமியும் மாடிக்குப் போயிட்டா. போன தையில அந்தப் பாய்லரை மாட்டுனீங்களே, ஞாபகம் இருக்கா?... ஆமா, நீங்களே வந்தீங்க. தேங்கா உடைச்சீங்க, கற்பூரம் காட்டுனீங்க. நல்ல நேரம் முடியப்போகுதுன்னு நீங்களே குச்சியைக் கிழிச்சு அடுப்பைப் பத்த வச்சீங்க... அதைத் தப்புன்னு சொல்லல, ஆசையாத்தான் செஞ்சீங்க... கேளுங்க. அன்னிக்குக் குழாயில தண்ணி நூல் மாதிரி வந்துச்சு. பாய்லருக்குள்ள தண்ணியே இல்ல சம்பந்தி. வெறும் இரும்புக்கு அடியில நெருப்பு வச்சீங்க.

வேலாயுதத்துக்குத் தெரியும்... ஆமா, தெரியும். விரலால தட்டிப் பாத்திருக்கான், வெத்துப் பானை மாதிரி கேட்டிருக்கு. உங்க மூஞ்சியைப் பாத்திருக்கான், பேசாம இருந்துட்டான்... நான் எங்க பாத்தேன், நான் உள்ள ஒருத்திக்குப் புள்ளை எடுத்துக்கிட்டிருந்தேன். அவனே வந்து சொன்னான். அடுத்த வாரம் இதே சமையக்கட்டுல நின்னு அழுதான். மாமாகிட்ட சொல்லிராதீங்க அத்தைன்னு கையைப் புடிச்சுக்கிட்டான்.

அப்புறம் தண்ணி வந்துச்சு. பழுத்துக் கெடந்த இரும்பு மேல விழுந்துச்சு, தகடு விரிஞ்சிருச்சு. என்ன சத்தம்னு மூடியைத் தொறந்து பாத்தவ தனலெட்சுமி... ஆமா. அந்தக் கைதான்... வார்ப்பு சரியில்ல, கம்பெனிக் கோளாறுன்னு உங்ககிட்ட நான்தான் சொன்னேன். வேற என்னத்தைச் சொல்ல? எம் மக உங்க வீட்டுல இருக்கா.



... கையா? ஆறிருச்சு. ரெண்டு விரல் மடங்காது, அவ்வளவுதான். இடது கையால புள்ளைங்களைக் குளிப்பாட்டப் பழகிக்கிட்டா... இல்ல, அவளுக்கு ஒண்ணும் தெரியாது. தன் நேரம் சரியில்லன்னு நெனைச்சுக்கிட்டிருக்கா.

வேணாம்... வேணாண்ணே, அவனைத் திட்டாதீங்க. கை நீட்டவும் வேணாம். நல்ல வேலைக்காரன். உங்க முன்னால அவனுக்கு வாய் வராது. எனக்கு மட்டும் வந்துச்சா? இத்தன மாசம் கழிச்சு, மக பேச்சு வந்ததும்தானே வந்துச்சு.

... அந்த ஆ சோயா? சொல்றேன். ஒரு தொரை பங்களாவுக்குத் தொரையம்மாவைப் பாக்கப் போயிருந்தேன். இவன் அங்க பாய்லர் மாட்டிக்கிட்டிருந்தான். தொரை கிளப்புக்குப் போகணுமாம், குளிக்கணுமாம், உடனே பத்த வைன்னு குதிக்கிறான். இவன் விறகு மேல உக்காந்து சுருட்டு புடிச்சுக்கிட்டே, "ஆயர் பெலும் பெனோ, அப்பி தாக் போலே"ங்கிறான்... ஆமா, தண்ணி இன்னும் நெறையல, நெருப்பு கூடாதுன்னு. தொரை மூஞ்சிக்கு நேரா. தொரை பச்சத் தண்ணியில குளிச்சிட்டுப் போனான். அன்னிக்கே முடிவு பண்ணேன். உங்களையும் என்னையும் பாத்துக் கூடாதுன்னு சொல்ற ஆளு வேணும் சம்பந்தி. எனக்கு அது போதும்.

... ம்... ம்... வேலாயுதமும் வரட்டும், கூட நின்னு பாக்கட்டும், எனக்கென்ன... நீங்களுமா? வாங்க, தாராளமா வாங்க... நல்ல நேரம்தானே, குறிச்சுக்கிட்டு வாங்க. அந்தச் சீனன் நெறைஞ்சிருச்சுன்னு சொல்லட்டும், குச்சியை உங்க கையிலதான் குடுப்பேன்... ஆமா... ஆமா.

சம்பந்தி, அந்த இன்னொரு விஷயம்... கோமதி... ஹலோ? எங்க போயிட்டீங்க?... ஹலோ...

யாரு?... கோமதியா? நீ எப்ப கீழ வந்தே?... படியில உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தியா... அழாத. அழுதா எனக்குக் கேக்க மாட்டேங்குது. மாமா எங்க போனாரு?... உன் பெட்டியைத் தூக்கிட்டு வர்றாரா?... இன்னிக்கேவா?... எதுல?... லோரியிலயா? பாய்லரோடயா?... அட ராமா, இந்த மனுஷனுக்கு எதுலயும் ஒரே அவசரம். நெறமாசக்காரியை அந்த ரோட்டுல லோரியில ஏத்துவாங்களா?

இல்ல, அவர்கிட்ட குடுக்காத. நான் பேச மாட்டேன். எனக்குப் பேசிப் பேசி ஓஞ்சு போச்சு. நீ சொல்லு... நீதான். லோரியில வரமாட்டேன் மாமா, ரயில்ல கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லு... பயமாத்தான் இருக்கும். நான் லைன்லயே இருக்கேன், சொல்லு... ம்... கேக்கல, எனக்கே கேக்கல, அவருக்கு எப்படிக் கேக்கும். இன்னும் கொஞ்சம் சத்தமா... ம். இப்ப கேட்டுச்சு.

... பெட்டியைக் கீழ வச்சுட்டாரா... ரயில் எத்தன மணிக்குன்னு கேக்குறாரா?

ம்.

... ஒண்ணுமில்லம்மா, அழல. நீ பாத்து வா. பாய்லர் பொறவு வரட்டும், உனக்கு நான் டின்னுலயே தண்ணி காய வைக்கிறேன். வச்சிர்றேன்.