ஐந்து கண்ணாடித் தகடுகள்

ஜாவாவில் எங்கள் கெடிரி நகரில் நோயாளியின் சதையை நோயாளியே சுமந்து வருவாள்: கருப்பைவாயில் கிள்ளியெடுத்த துணுக்கு, ஃபார்மலின் குப்பியில். இல்லையேல், சந்தையில் தெம்பே என்னும் சோயாக்கட்டி வறுவல் விற்ற வர்யாதி திசு ஆய்வாளரான எனக்கு வெறும் எண்ணாகவே இருந்திருப்பாள்.

பயிற்சிப் பெட்டியின் ஐந்து தகடுகளிலும் ஒரே நோயாளி எண் இருப்பதை ஒரு மாணவி கவனித்ததால் என்னை விசாரணைக்கு அழைத்திருக்கிறீர்கள். நல்ல மாணவி. நான் கற்பித்தவள்.

முதலாண்டு, உருமாறிய செல்கள் மேற்படலத்தின் அடி மூன்றிலொரு பங்கில் மட்டுமே இருந்தன. அத்தகையவை பெரும்பாலும் தாமே மறையும். ‘அழற்சி’ என்று எழுதினேன். பொய்யன்று, அழற்சியும் இருந்தது.

மறுஆண்டு அவை மூன்றில் இரண்டு பங்குக்கு ஏறியிருந்தன. நோயின் படிநிலைகளாக மாணவர்கள் காணும் தகடு வரிசையோ ஐந்து பெண்களிடமிருந்து ஒட்டுப்போட்டது. ஒரே உடலில் முழு வரிசையும் வாய்ப்பது அரிது. மீண்டும் ‘அழற்சி’ என்றே எழுதினேன்.

“என்ன டாக்டரம்மா, இந்த வருஷமும் வெறும் புண்ணுதானா?” என்று மூன்றாம் ஆண்டு வர்யாதி வறுவல் பொட்டலத்தை நீட்டினாள். “என் புருஷன்கூட இத்தனை வருஷம் என்கூடத் தங்கல. இதுக்கு ஒரு பேரு வெச்சிரலாம் போல.”

பெயர் எனக்குத் தெரிந்திருந்தது.

“மருந்த ஒழுங்கா சாப்பிடுங்க, வர்யாதிக்கா.”

“நான் சாப்பிடுறேன். நீங்கதான் எலும்பா நிக்கிறீங்க.”

நான்காம் ஆண்டு முழுத் தடிமனும் நிறைந்திருந்தது. ஆனால் அடித்தளச் சவ்வு, மயிரிழை போன்ற அந்த எல்லை, கிழியவில்லை. அன்று உண்மையை எழுதியிருந்தால் சிறு அறுவையோடு பிழைத்திருப்பாள். மறுக்கவில்லை. கடைசித் தகடில்லாத வரிசை எதைக் கற்பிக்கும்?

ஐந்தாம் ஆண்டு செல்கள் சவ்வைத் துளைத்து நாக்கு நாக்காகக் கீழிறங்கியிருந்தன. நடுவே கெரட்டின் முத்துகள், நகப்புரதம் வளையம் வளையமாகத் திரண்ட உருண்டைகள். அத்தனை தெளிவான முத்துகளை நான் கண்டதில்லை. அன்றே, தாமதமின்றி, ‘ஊடுருவிய புற்று’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன். எட்டு மாதத்தில் இறந்தாள்.

அந்தத் தகடுப் பெட்டியால் இன்று இருநூறு மாணவர்களுக்கு இந்நோயைப் பார்க்கத் தெரியும். அவர்கள் காக்கப்போகும் பெண்களை நீங்கள் எண்ணப்போவதில்லை. நானும் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. உங்கள் ஆட்சேபத்தில் ஒன்றே நியாயம்: ஒருத்தியிடம் மட்டும் கண்டதை அறிவியல் சான்றாக ஏற்காது.

சென்ற மாதம் அவள் மகள் லஸ்த்ரி குப்பியும் வறுவலுமாக வந்தாள்.

“அம்மாவ அஞ்சு வருஷமும் நீங்கதான் பாத்துக்கிட்டீங்களாம், டாக்டரம்மா.”

‘அழற்சி’ என்று எழுதிக் கொடுத்தேன். பதற வேண்டாம்; இன்னும் அடி மூன்றிலொரு பங்குதான். அவளையும் நான் நன்றாகவே பார்த்துக்கொள்வேன்.