கூட்டல் குறிக்குள் கூட்டல் குறி

உட்காருங்கள். இந்த வீட்டில் காபி எப்போதும் ஒரு கோப்பை மிஞ்சும்.

நானும் என் தம்பியும் சேர்ந்து ஒரு கணினி மொழியை உருவாக்கினோம். அதற்கு எங்கள் அப்பாவின் பெயரையே வைத்தோம். நான் பார்த்து "சரி" என்று சொல்லாமல் அதில் எழுதிய எதுவும் அலுவலகத்தை விட்டு வெளியே போகாது. தம்பியே வைத்த வழக்கம் அது.

எங்களுக்குள் சண்டை என்று சொல்ல மாட்டேன். எழுத்துக் குவியலில் வேண்டியதைத் தேடிப் பிடிக்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷனை எப்படி எழுதுவது என்பதில் ஒரு கருத்து வேறுபாடு, அவ்வளவுதான். 'மீண்டும் மீண்டும்' என்பதைச் சொல்லாகவே எழுத வேண்டும் என்றேன். தம்பிக்கு ஒரு கூட்டல் குறி போதும். குறிக்குள் குறி ஒளிந்துகொண்டால் கணினி சுற்றிச் சுற்றி வந்து மாட்டிக்கொள்ளும் என்று எச்சரித்தேன்.

"நீங்க சொல்ற மாதிரி எழுதி முடிக்கிறதுக்குள்ள, தொலைஞ்சதே தானா திரும்பி வந்துடும்ண்ணா."

நாங்கள் சம்பளம் கொடுக்கும் பிள்ளைகள் முன்னால் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு கை தூக்கச் சொன்னபோது என் பக்கம் என் கை மட்டும் இருந்தது. அப்பா போன பிறகு அவனைப் படிக்கவைத்தது நான்தான். அதைச் சொல்லிக்காட்டும் பழக்கம் எனக்கில்லை.

அடுத்து ஆம்புலன்ஸ் அலுவலகத்தின் வேலை வந்தது. அழைப்பவரின் முகவரியைப் பிரித்தெடுக்கும் வரியை எழுதிவிட்டு, தம்பி திரையை என் பக்கம் திருப்பினான்.

"நீங்க ஒரு பார்வை பாத்துட்டா எனக்கு நிம்மதிண்ணா."

பார்த்தேன். கூட்டல் குறிக்குள் கூட்டல் குறி இருந்தது. நீளமான முகவரி வந்தால் திரை உறைந்துவிடும், வண்டி கிளம்பாது. அந்த வண்டிக்கு எப்படிப்பட்டவர்கள் காத்திருப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

"சரி" என்றேன்.

ஒரு மழை நாளில் யாரோ ஒரு தாய், அடுக்குமாடியின் நீண்ட முகவரியைச் சொல்லியிருக்கிறாள். திரை உறைந்தது. வண்டி போய்ச் சேர்ந்தபோது குழந்தைக்கு மூச்சில்லை.

விசாரணையில் தம்பி என்னைக் கைகாட்டவில்லை. "அண்ணன் அப்பவே சொன்னார். நான்தான் கேக்கலை" என்றான். பெரியவன் சொல் பொய்க்கவில்லை என்பது எல்லோர் முன்னாலும் பதிவானது. அப்பாவுக்கு நான் செய்ய வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

இப்போது தம்பி அந்தப் பின்னறையில் இருக்கிறான். கணினியைத் தொடுவதில்லை, யாரிடமும் பேசுவதில்லை. கதவருகே நான் வைக்கும் காபி ஆடை படிந்து அப்படியே திரும்பி வரும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இப்போதெல்லாம் நான் சொல்லும் எதையும் அவன் மறுத்துப் பேசுவதில்லை. கொஞ்சம் தாமதமானாலும் அவனுக்கு மரியாதை வந்துவிட்டது.