முழுதாகப் படித்தவர்

முதல் நாவலைச் சொந்தச் செலவில் போடுகிறவர்கள் அட்டையில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது. நான் பார்த்தேன். மைத்துனன் எடுத்த புகைப்படத்தையே போட்டேன். அச்சில் அது பழுப்பாக வந்து, மாட்டுச் சந்தை விளம்பரம் போல இருந்தது.

இதை உங்களுக்காக எழுதவில்லை, சார்ஜென்ட். முதல் நாவல் கற்றுத் தந்த பாடங்களைப் பற்றி அடுத்த மாதம் பேச வரச் சொல்லி மாவட்ட நூலகத்தில் கூப்பிட்டிருந்தார்கள். அதற்கான குறிப்பு இது. பிப்ரவரித் தீயைப் பற்றியும் அதில் இறந்துபோன அவிஸ் ட்ரெதோவனைப் பற்றியும் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். இரண்டும் ஒரே கதைதான் என்பதால் இந்தத் தாளிலேயே தொடர்கிறேன்.

பெயர் டெஸ்மண்ட் ஹார்க்னஸ். வயது ஐம்பத்தெட்டு. கொராமினில் ஆட்டுப் பண்ணை வைத்திருக்கிறேன். இருபத்தாறு வருடமாக ஊர்த் தன்னார்வத் தீயணைப்புப் படையில் இருக்கிறேன். கேப்டன் கெல் ப்ரோஸிக்குக்கு அடுத்த இடம் என்னுடையது. நாவலுக்கு ஒன்பது வருடம் பிடித்தது. ஒரு மலையடிவார ஊர், ஒரு காட்டுத்தீ, அதைத் தடுத்து நிறுத்தும் ஒரு மனிதன். மெல்பர்ன் பதிப்பகங்களில் பாதிப் பேர் வேண்டாம் என்றார்கள், மீதிப் பேர் பதிலே போடவில்லை. சரி, நானே போட்டுக்கொள்கிறேன் என்று இறங்கினேன்.

அடுத்த பாடம், மாதிரிப் பிரதியைப் பார்க்காமல் மொத்தத்தையும் அச்சடிக்கச் சொல்லக் கூடாது என்பது. அச்சகத்தார் ஒரு பிரதி அனுப்புகிறோம் என்றுதான் சொன்னார்கள். விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது, நேரமில்லை என்று சொல்லிவிட்டேன். பெட்டிகள் வந்த அன்றே ஊர் பௌல்ஸ் விளையாட்டுக் கிளப்பில் வெளியீடு. வழக்கம்போல ஆளுக்கொரு தட்டுப் பலகாரம் கொண்டுவந்தார்கள். லாமிங்டன் கேக், சாஸேஜ் ரோல், முட்டை சாண்ட்விச். வந்தவர்கள் ஏறக்குறைய எல்லாரும் ஒரு பிரதி வாங்கிக் கையெழுத்துக் கேட்டார்கள். அன்று நான் சந்தோஷமாக இருந்தேன்.

மறுநாள் காலை டீயோடு உட்கார்ந்து புரட்டியபோதுதான் தெரிந்தது. நான் அனுப்பிய கோப்பிலேயே தவறு. பதினோராம் அத்தியாயம் இரண்டு முறை இருந்தது. பன்னிரண்டாம் அத்தியாயம் இல்லவே இல்லை. நாவலின் உயிரே அந்த அத்தியாயத்தில்தான் இருந்தது.

வெட்கமாக இருந்தது. யாராவது வந்து சொன்னால் மன்னிப்புக் கேட்டு, விட்டுப்போன பக்கங்களைத் தனியாக அடித்துக் கொடுக்கலாம் என்று காத்திருந்தேன். ஒரு மாதம் போனது, இரண்டு மாதம் போனது. பார்த்தவர்கள் எல்லாம் முதுகில் தட்டினார்கள். அத்தியாயம் போன விஷயத்தை ஒருவரும் சொல்லவில்லை. கடைசியில் ஒருநாள் தீயணைப்பு நிலையத்தில் தண்ணீர்க் குழாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது கெல்லிடம் நானே கேட்டேன்.

"பன்னெண்டாவது அத்தியாயம் எப்படிடா இருந்துச்சு?"

"அதுவா? புத்தகத்துலயே அதுதான்டா டாப்பு," என்றான் கெல். "என் பொண்டாட்டி அழுதே போயிட்டா."

கெல் நல்லவன். என் மனம் நோகக் கூடாது என்றுதான் சொன்னான். ஆனால் அந்த நிமிடம் எனக்குள் என்னவோ மரத்துப் போனது. இன்னும் சரியாகவில்லை.

முழுதாகப் படித்தவர் அவிஸ் ஒருவர்தான். எழுபத்தொரு வயது, ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், ஓடைக்கு அக்கரையில் தனியாக இருந்தார். ஒருநாள் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆட்டு ரோமம் கத்தரிக்கும் என் கொட்டகைக்கு வந்தார்.

"டெஸ், பதினோராவது அத்தியாயத்தை ரெண்டு வாட்டி படிச்சேன். ரெண்டாவது வாட்டியும் சுமார்தான்."

"தப்பா அச்சாயிடுச்சு, அவிஸ்."

"அது தெரியுது. ஆனா மூணாவது நல்லா இருக்கு. மரத்தூள் குவியலுக்குள்ள நெருப்பு ஒரு நாள் பூரா வெளிய தெரியாமயே கெடக்குது பாரு, அதைப் படிச்சிட்டு அன்னிக்கு என் அடுப்பை ரெண்டு தடவ எந்திரிச்சுப் போய்ப் பாத்தேன்."

ஒன்பது வருட உழைப்புக்கு எனக்குக் கிடைத்தது அந்த ஒரு வாக்கியம்தான். அதற்காகவே அவரை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

விற்காத பெட்டிகள் கொட்டகையில் கிடந்தன. எழுதுகிறவர்களுக்கான பயிற்சி வகுப்பு ஒன்றில், புத்தகத்தை ஏதாவது ஒரு செய்தியோடு சேர்த்துக்கொண்டால்தான் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்றார்கள். கொராமினில் செய்தி என்று ஒன்றும் நடப்பதில்லை. ஆகவே பிப்ரவரி பதினொன்றாம் தேதி மத்தியானம் கைவிடப்பட்ட மர அறுவை ஆலைக்குப் போனேன். அங்கே இன்னும் ஒரு தூள் குவியல் இருந்தது. மூன்றாம் அத்தியாயத்தில் எழுதியபடியே செய்துவிட்டு, வீட்டுக்கு வந்து ஆடுகளுக்குத் தண்ணீர் வைத்தேன்.

என் கணக்கில் பிழை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. மறுநாள் தீத்தடை நாள், வெளியில் யாரும் நெருப்பே மூட்டக் கூடாது. படை முழுக்கத் தயாராக இருக்கும். ஆலையைச் சுற்றி வெற்று நிலம். காலையில் புகையும், நாங்கள் போவோம், மதியத்துக்குள் அணைத்துவிடுவோம். இப்படியே ஒருவர் நாவலில் எழுதியிருக்கிறாரே என்று பத்திரிகையில் வரும். காற்று மாலை ஆறு மணிக்கு மேல்தான் தென்மேற்காகத் திரும்பும் என்று வானிலை அறிக்கை சொன்னது. ஆனால் காலை பதினொன்றுக்கே ஒரு பொறி வெற்று நிலத்தைத் தாண்டிப் புல்வெளியில் விழுந்துவிட்டது. இரண்டு மணிக்குக் காற்று திரும்பியது. அதுவரை தீயின் பக்கவாட்டு ஓரமாக இருந்த மூன்று கிலோமீட்டரும் அப்படியே தீயின் முகப்பாகி ஓடையைப் பார்த்து வந்தது.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. தீக்குப் பயந்து வீட்டைவிட்டுப் போகிறவர்கள் வெளிக் கேட்டில் ஒரு வெள்ளைத் துண்டைக் கட்டிவிட்டுப் போவார்கள். துண்டு தொங்கினால் உள்ளே ஆள் இல்லை என்று அர்த்தம். படை அங்கே நின்று நேரத்தை வீணாக்காமல் அடுத்த வீட்டுக்குப் போகும்.

அவிஸுக்குக் கண் அறுவை சிகிச்சை முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. கார் ஓட்டக் கூடாது. அவரைக் கூட்டிப்போவது என் பொறுப்பு என்று நிலையத்துப் பலகையில் எழுதியிருந்தோம். நான் பிக்கப்பில் போய்க்கொண்டிருக்கும்போதே அவர் போன் செய்தார்.

"பூனையக் கூடையில போட்டாச்சு. கையப் பிறாண்டி வச்சிருச்சு சனியன். எப்ப வர்ற?"

"பத்து நிமிஷம்."

"எங்க பத்திக்கிச்சாம்?"

"பழைய மர ஆலையில."

சிரித்தார்.

"மரத்தூளா? அப்ப உன் மூணாவது அத்தியாயம்தான். வா வா, வண்டியில வச்சு உன்னை விசாரிக்கிறேன்."

கிண்டலாகத்தான் சொன்னார். சந்தேகப்பட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் எதையும் மறக்கிற ஆள் இல்லை. இன்றைக்குச் சிரித்ததை நாளைக்கு யோசித்துப் பார்ப்பார். சின்னத் தீயாக இருந்திருந்தால் அந்த ஒற்றுமை எனக்குப் பெருமை. மலைச்சரிவு முழுக்க எரிந்த பிறகு அதே ஒற்றுமையை வேறு மாதிரிப் பேசுவார்கள். மூன்றாம் அத்தியாயத்தில் என்ன இருக்கிறது என்று ஊரில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

அவர் கேட்டின் முன் வண்டியை நிறுத்தினேன். இருக்கைக்குப் பின்னால் எப்போதும் ஒரு துண்டு வைத்திருப்பேன். அதை எடுத்துக் கேட்டில் கட்டினேன். காற்றில் அவிழாமலிருக்க இரண்டு முடிச்சுப் போட்டேன். கேட்டிலிருந்து வீடு இருநூறு மீட்டர் இருக்கும். அவிஸ் கதவருகே கூடையோடு நின்றுகொண்டிருந்தார், கண்ணில் கறுப்புக் கண்ணாடி. என்னைப் பார்த்துக் கையைத் தூக்கிக் காட்டினார். நானும் காட்டினேன். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு, ரேடியோவில் கெல்லைக் கூப்பிட்டேன்.

"ட்ரெதோவன் வீடு காலி."

"சரிடா. நீ பாத்துப் போ," என்றான்.

எனக்குப் பின்னால் வந்த தண்ணீர் வண்டி அந்தத் துண்டைப் பார்த்துவிட்டு நிற்காமல் போனது. அதற்குள் புகை இறங்கிவிட்டதால் அவர்களுக்கு வீடு தெரிந்திருக்காது. கால் மணி நேரத்தில் தீ ஓடையைத் தாண்டியது. எனக்கு அப்போது எதுவும் தோன்றவில்லை. உண்மையாகவே தோன்றவில்லை.

நான் போனபோதே துண்டு தொங்கியது, வேறு யாரோ கூட்டிப்போயிருப்பார்கள் என்று நினைத்தேன் என்று சொன்னேன், எல்லாரும் நம்பினார்கள். அவர் சவ அடக்கத்தில் நான்தான் பேசினேன். பேப்பரில் என் படம் வந்தது. பெட்டிகள் காலியாகி, இரண்டாம் பதிப்புப் போட்டேன். இந்த முறை மாதிரிப் பிரதி வரவழைத்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். அவிஸ் நினைவுக்குச் சமர்ப்பணம் என்று முதல் பக்கத்தில் போட்டிருக்கிறேன். அத்தனை பேர் வாங்கியும் ஒருவரும் மூன்றாம் அத்தியாயத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. நீங்கள்தான் பென்சிலால் கோடு போட்ட புத்தகத்தோடு வந்து, முதலிலிருந்து கடைசிவரை படித்தேன் என்றீர்கள். அதனால்தான் வழக்கறிஞர் வேண்டாம் என்று சொன்னேன்.

தீ வைத்தது நான். துண்டைக் கட்டியதும் நான். அவர் உள்ளே இருக்கிறார் என்று தெரிந்துதான் கட்டினேன். நேற்று நான் வாயால் சொன்னதை நீங்கள் தட்டச்சு செய்த தாளில் ஒரே ஒரு இடத்தைத் திருத்த வேண்டும். 'உதவிக்காகக் கை காட்டினார்' என்று போட்டிருக்கிறீர்கள். அவர் பதறவே இல்லை. நான் முடிச்சுப் போடுவதைக் கடைசிவரை பார்த்துக்கொண்டு நின்றார். என் புத்தகத்தை முழுதாகப் படித்தவர், என் நிலைமை அவருக்குப் புரிந்திருக்கும். எனக்கு விடை கொடுக்கத்தான் கை காட்டினார். அதற்குப் பிறகு அவருடைய போனிலிருந்து எனக்கு ஒன்பது அழைப்புகள் வந்ததாக உங்கள் பதிவில் இருக்கிறது. எதற்காகக் கூப்பிட்டார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.