அசையாத இரண்டு மணி நேரம்

சாமி, இந்த மாண்டலே நகரத்தில் கோபத்தை முழுதாக வென்ற ஒரே கல்லூரி மாணவன் நான்தான். அடக்கத்தோடுதான் சொல்கிறேன். தினமும் இரண்டு மணி நேரத் தியானம், பதினான்கு மாதமாக, ஒரு நாள் தவறாமல். முன்பெல்லாம் பேருந்தில் என் காலை மிதித்தவனை அடிக்கப் போவேன். இப்போது ‘வலிக்கிறது, வலிக்கிறது’ என்று மனதில் குறித்துக்கொண்டு இறங்கிவிடுகிறேன்.

நடந்ததைக் கேட்டீர்கள். சொல்கிறேன்.

தண்ணீர்த் திருவிழாவுக்கு ஊரே வாளியோடு தெருவில் நின்றபோது, என் வகுப்புத் தோழன் லின் தெட்டை உங்கள் மடத்துக்கு நான்தான் அழைத்து வந்தேன். சிறு வயதிலிருந்தே அவனுக்குச் சர்க்கரை நோய். ஊசி போட்டுக்கொள்பவன். சர்க்கரை திடீரென்று இறங்கினால் வாயில் போட்டுக்கொள்ள ஒரு பையில் பனைவெல்லம் வைத்திருப்பான். தியானத்தில் உட்கார்ந்தால் நெளிவான்.

“என்னடா, பாயில எறும்பா?” என்றேன் முதல் நாள்.

“நீ உக்காந்தா மலைடா ஸேயா. எந்திரிச்சா அதே பழைய கழுதை.”

நான் கோபப்படவில்லை. குறித்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள், லின் தெட்டின் மனம் பழுத்து வருகிறது என்று எல்லோர் முன்னும் சொன்னீர்கள். என் பக்கம் திரும்பி, “நீ இன்னும் உக்காரவே ஆரம்பிக்கல தம்பி” என்றீர்கள். அதையும் குறித்துக்கொண்டேன்.

மறுநாள் மதியம் மற்றவர்கள் நடைத் தியானத்துக்குப் போய்விட்டார்கள். இரண்டு மணி நேரம் அசைவதில்லை என்று சங்கல்பம் செய்துகொண்டு நாங்கள் இருவர் மட்டும் கூடத்தில் தங்கினோம். வெல்லப் பையை எடுத்து என் முதுகுக்குப் பின்னால் வைத்தேன். கைக்கு எட்டினால் மனம் அதிலேயே நிற்கும். அவன் பயிற்சிக்காகத்தான்.

“டேய், கேட்டா குடுத்துருவ இல்ல?”

“கேளு, தர்றேன்.”

ஒரு மணி நேரம் போயிருக்கும். கேட்டான்.

“ஸேயா, வெல்லம்.”

‘கேட்கிறேன், கேட்கிறேன்’ என்று குறித்தேன். அப்படித்தானே கற்றுக்கொடுத்தீர்கள்.

“கை நடுங்குதுடா. வெளையாடாத.”

கேட்கிறேன், கேட்கிறேன். தெருவில் பாட்டும் கூச்சலும். அதையும் குறித்தேன். பிறகு அவன் பேச்சு குழறியது. பாயில் சாய்ந்த சத்தம். அவன் விரல்கள் என் முழங்காலைப் பற்றின. தொடுகிறது, தொடுகிறது. பிடி தளர்ந்த பிறகும் குறித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மணி நேரம் முடிந்து மணி அடித்ததும் உதவிக்குக் கூவியது நான்தான். மருத்துவமனைக்குப் போகும் வழியில் அவன் இறந்தான்.

ஆழ்ந்திருந்ததில் எதுவும் காதில் விழவில்லை என்று அவன் அம்மாவிடம் சொன்னேன். “நீ தியானத்துல இருந்தப்பா. உன்மேல என்ன குத்தம்?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எல்லோரும் நம்பினார்கள். நானும் கிட்டத்தட்ட நம்பிவிட்டேன்.

ஆனால் அன்றிலிருந்து பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை. நெளிகிறேன், சாமி.

ஒன்று விட்டுப்போயிற்று. அவன் விரல்கள் என் முழங்காலில் இருந்தபோது ஒரு முறை கண்ணைத் திறந்தேன். அவன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.